ஊமத்தை மூலக்கூறின் இடமும் வலமும்: எப்படி நிரூபிப்பது?

கேள்வி:

எனக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டை. இப்போது பெங்களூரில் எம்.எஸ்ஸி. கரிம வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் தாத்தா மைன்ஸில் அஸே ஆபீசில் வேலை பார்த்தவர். பாறையைப் பொடித்து, ஈயம் சேர்த்து உருக்கி, ஈயத்தை உறிஞ்சவிட்டு, மிஞ்சுகிற மணியிலிருந்து வெள்ளியை அமிலத்தில் கரைத்தால் நிற்பது தங்கம். அதை எடை போட்டால் பதில் வந்துவிடும் என்பார்.

என் புராஜெக்ட் ஊமத்தையில் உள்ள ஆல்கலாய்டுகள். ஹையோசயமினும் அட்ரோபினும் ஒரே வாய்பாடு, ஒரே இணைப்புகள், ஆனால் புறவெளி அமைப்பில் வேறு என்று புத்தகத்தில் இருக்கிறது. எனக்குள்ள சந்தேகங்கள் இவை. எடையும் வாய்பாடும் ஒன்றாக இருக்கும்போது ஒரு மூலக்கூறு இடமா வலமா என்று எதைக் கொண்டு சொல்கிறார்கள்? போலரிமீட்டர் ‘மைனஸ்’ காட்டினால் ‘எஸ்’ என்று எழுதிவிடலாமா? இன்றைய கருவிகள் இல்லாத காலத்தில் நம்மவர்கள் இதை எப்படிச் செய்தார்கள்? என் ஆய்வேட்டில் நான் எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்?

— ஒரு மாணவி, கோலார் தங்கவயல்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் தாத்தா செய்த சோதனை மிக நேர்மையானது. தங்கம் ஒரு தனிமம். அதில் கேட்க வேண்டியது ‘எவ்வளவு’ என்பது மட்டும்தான், அதற்குத் தராசு போதும். தாவர ஆல்கலாய்டில் மூன்று கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. எந்த அணு எதோடு இணைந்திருக்கிறது? மூலக்கூறுக்குள் ஒரு மையத்தைப் பார்த்து இன்னொரு மையம் எந்தப் பக்கம் இருக்கிறது? மூலக்கூறு முழுவதும் இந்த வடிவமா, அதன் கண்ணாடி பிம்பமா? இரண்டாவதைச் சார்பு அமைப்பு என்றும் மூன்றாவதைத் தனி அமைப்பு என்றும் சொல்கிறோம். ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கு விடையாக எழுதிவிடுவதால்தான் இந்தத் துறையில் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று வேண்டும் என்பதைத்தான் இந்தப் பதில் முழுக்கச் சொல்லப் போகிறேன்.

உங்கள் ஊர்ப் பாறையிலிருந்தே தொடங்கலாம்

சாம்பியன் ரீஃபில் தங்கம் இருந்தது குவார்ட்ஸ் நாளங்களில். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்படும் வரை, படிப்படியாக மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை தோண்டி மேலே கொண்டுவந்தது அந்த வெள்ளைக்கல்லைத்தான். பொடித்துத் தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சிய தூள்தான் இன்று ஊரைச் சுற்றிச் சயனைடு மேடுகளாக நிற்கிறது. ஒளியைத் திருப்பும் தன்மையை உலகம் முதலில் கண்டது இந்தக் குவார்ட்ஸ் வகைப் படிகத்தில்தான். 1811-இல் பிரான்சின் அராகோ, ஒரே தளத்தில் அதிரும் ஒளியைக் குவார்ட்ஸ் தகட்டின் வழியே செலுத்தினார். வெளியே வந்த ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பியிருந்தது. சில குவார்ட்ஸ் படிகங்கள் வலப்பக்கம் திருப்பின, சில இடப்பக்கம். 1820-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல், படிகத்தின் ஓரத்தில் தெரியும் சிறு முகங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதற்கும் ஒளி திரும்பும் திசைக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்.

இதற்கிடையே பியோ 1815-இல் இன்னொன்றைக் கண்டார். டர்பன்டைன் எண்ணெயும் சர்க்கரைக் கரைசலும்கூட ஒளியைத் திருப்பின. குவார்ட்ஸை உருக்கிக் கண்ணாடியாக்கினால் அதன் திருப்பம் போய்விடும், ஏனென்றால் அங்கே இடமும் வலமும் அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. டர்பன்டைனோ திரவமாக இருந்தும் திருப்புகிறது. அப்படியானால் அந்தத் தன்மை ஒவ்வொரு மூலக்கூறுக்குள்ளும் இருக்க வேண்டும். 1848-இல் பாஸ்டர், சோடியம் அமோனியம் டார்ட்ரேட்டின் படிகங்களைக் கையாலேயே இடம், வலம் என்று பிரித்து, தனித்தனியே கரைத்து, இரண்டும் எதிரெதிர் திசையில் ஒளியைத் திருப்புவதைக் காட்டினார். ஒரு கார்பனில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் நான்முகியின் மூலைகளில் நின்றால் இரண்டு வடிவங்கள் சாத்தியம் என்ற விளக்கத்தை 1874-இல் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியே தந்தார்கள்.

ஹையோசயமினும் அட்ரோபினும்

இரண்டிலும் 17 கார்பன், 23 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 3 ஆக்சிஜன். இவ்விரண்டில் ஊமத்தைச் செடி தயாரிப்பது பெரும்பாலும் இடஞ்சுழி ஹையோசயமின். அதில் ட்ரோபிக் அமிலப் பகுதியில் ஒரு சீர்மையற்ற கார்பன் இருக்கிறது, அதன் அமைப்பு ‘எஸ்’. அந்தக் கார்பனுக்கு ஒரு பக்கம் எஸ்டரின் கார்போனைல் தொகுதி, மறுபக்கம் பென்சீன் வளையம். இரண்டும் சேர்ந்து அதன் ஹைட்ரஜனைத் தளர்த்திவிடுகின்றன. காரமோ வெப்பமோ பட்டால் ஹைட்ரஜன் கழன்று, திரும்பி வரும்போது எந்தப் பக்கமும் ஒட்டிக்கொள்ளும். முடிவில் இடமும் வலமும் சரிபாதியாகக் கலந்த சுழிமாய்க் கலவை கிடைக்கிறது. அதுதான் அட்ரோபின்.

செடியில் இருந்த பொருள் வேறு, உங்கள் குடுவையில் கிடைக்கும் பொருள் வேறாக இருக்கலாம் என்பது இதன் பொருள். பிரித்தெடுக்கும்போது வலுவான காரத்தில் நெடுநேரம் கொதிக்க வைத்தால், கேட்க வந்த கேள்விக்கான விடையை நீங்களே அழித்துவிடுவீர்கள். குளிர்ந்த நிலையில், மென்மையான காரத்தில், வேகமாக வேலையை முடியுங்கள். கரைப்பானைக் குறைந்த அழுத்தத்தில் அகற்றுங்கள்.

உருகுநிலையும் கொஞ்சம் உதவும். ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு தூய பொருள்களுக்கு உருகுநிலை ஒன்றுதான். ஆனால் இரண்டும் கலந்த படிகம் வேறு அடுக்கில் அமைவதால் அதன் உருகுநிலை மாறும். ஹையோசயமின் சுமார் 108 டிகிரி செல்சியஸில் உருகும், அட்ரோபின் சுமார் 115-இல். தூய்மையை நிச்சயித்த பிறகு இந்த வேறுபாடு ஒரு நல்ல முதல் அறிகுறி.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஊமத்தையின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. மாதிரி சேகரிப்பதிலிருந்து ஆய்வகக் கழிவு வரை உங்கள் வழிகாட்டியின் மேற்பார்வையில் மட்டுமே செய்யுங்கள். வீட்டுக்கு எதையும் எடுத்துப் போகாதீர்கள்.

‘மைனஸ்’ என்றால் ‘எஸ்’ ஆகுமா?

ஆகாது. ‘பிளஸ்’, ‘மைனஸ்’ இரண்டும் கருவியில் பார்த்த திசை. ‘ஆர்’, ‘எஸ்’ இரண்டும் கான், இங்கோல்டு, பிரீலாக் வகுத்த விதிப்படி, கார்பனைச் சுற்றியுள்ள தொகுதிகளை அணு எண் வரிசையில் எண்ணிப் போடும் பெயர். ஒன்றிலிருந்து மற்றொன்றை நேரடியாகச் சொல்லும் எளிய விதி எதுவும் கிடையாது. தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலத்தையே பாருங்கள். ‘எஸ்’ லாக்டிக் அமிலம் ஒளியை வலப்பக்கம் திருப்புகிறது. அதே கார்பனைத் தொடாமல் அமிலத்தை மெத்தில் எஸ்டராக்கினால் ஒளி இடப்பக்கம் திரும்புகிறது. கார்பனின் அமைப்பு மாறவில்லை, குறி மட்டும் மாறிவிட்டது.

வலம்புரிச் சங்கை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் வலம்புரி என்று போற்றும் அந்த அரிய சங்கை, விலங்கியலார் தங்கள் பிடிப்பு முறைப்படி இடச்சுருள் என்று பதிவு செய்கிறார்கள். சங்கு ஒன்றுதான், எந்த முனையை மேலே வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் பெயர் இருக்கிறது. அதனால் எந்த அளவீட்டையும் எழுதும்போது முறையையும் சேர்த்து எழுத வேண்டும்: சோடியத்தின் 589 நானோமீட்டர் ஒளி, வெப்பநிலை, கரைப்பான், செறிவு. இவை இல்லாத சுழற்சி எண்ணை இன்னொருவர் சரிபார்க்க முடியாது.

எண்ணின் அளவையும் கவனியுங்கள். ஆல்கஹாலில் ஹையோசயமினின் தன்சுழற்சி சுமார் மைனஸ் 21. ஒரு மில்லிலிட்டரில் 0.01 கிராம் கரைத்து ஒரு டெசிமீட்டர் குழாயில் வைத்தால், கருவியில் நீங்கள் பார்ப்பது வெறும் மைனஸ் 0.21 டிகிரி. குழாயில் ஒரு காற்றுக் குமிழி, கரைசலில் ஒரு துளி மாசு, இவை போதும் அந்த எண்ணைக் கெடுக்க. கணக்கிட்ட தன்சுழற்சி மைனஸ் 10.5 என்று வந்தால் பொருள் பாதியளவு சுழிமாய்ந்துவிட்டதா, அல்லது பாதி வேறு பொருளா என்று போலரிமீட்டரால் சொல்ல முடியாது. அதற்குக் கைரல் எச்.பி.எல்.சி. வேண்டும். இடம் வலம் என்ற வேறுபாடு, அதாவது கைத்தன்மை, உள்ள பொருள் நிரப்பிய அந்தத் தூணில் இடமும் வலமும் வெவ்வேறு நேரத்தில் வெளியேறும், ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு என்று தனியே தெரியும்.

சார்பு அமைப்பு: மூலக்கூறுக்குள் யார் எந்தப் பக்கம்

ஒரு மையம் மட்டும் இருந்தால் இந்தக் கேள்வி எழாது. ஆல்கலாய்டுகளில் பலவற்றில் பல மையங்கள். நம் ஊர்களில் வேலியோரம் நிற்கும் எட்டி மரத்தின் ஸ்ட்ரிக்னினில் ஏழு வளையங்கள், ஆறு சீர்மையற்ற கார்பன்கள். காகிதக் கணக்கில் இரண்டின் ஆறாம் அடுக்கு, அதாவது 64 வடிவங்கள். வளையங்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால் அவற்றில் பல உருவாகவே முடியாது. ஆனாலும் மிஞ்சியவற்றில் எது என்று காட்ட வேண்டும்.

இங்கே முதல் துணை என்.எம்.ஆர். அடுத்தடுத்த கார்பன்களில் உள்ள இரண்டு ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று பாதிக்கும் அளவு, அவற்றுக்கிடையே உள்ள திருப்பக் கோணத்தைப் பொறுத்தது. இந்தத் தொடர்பை மார்ட்டின் கார்ப்லஸ் 1959-இல் வகுத்தார். ஆறு உறுப்பு வளையத்தில் இரண்டு ஹைட்ரஜன்களும் மேலும் கீழுமாக நேர் எதிரே நின்றால் பிணைப்பு மாறிலி 10 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் 2 முதல் 5 வரைதான். அடுத்த துணை என்.ஓ.இ. விளைவு. பிணைப்பால் தூரமாக இருந்தாலும் வெளியில் 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் நெருங்கி நிற்கும் ஹைட்ரஜன்களை அது காட்டிக்கொடுக்கும். வளையத்தின் ஒரே முகத்தில் இருப்பவை யார் யார் என்று இதிலிருந்து பட்டியலிடலாம்.

ஆனால் சாதாரணக் கரைப்பானில் எடுத்த என்.எம்.ஆர். படம் ஒரு மூலக்கூறுக்கும் அதன் கண்ணாடி பிம்பத்துக்கும் ஒன்றேதான். எவ்வளவு விலை உயர்ந்த கருவியானாலும் அது மட்டும் இருந்தால் தனி அமைப்பு தெரியாது. சார்பு அமைப்பைக் காட்டிவிட்டு அதையே தனி அமைப்பாக வரைந்துவிடும் ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சார்பு அமைப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நீலகிரியில் ஒரு சாட்சி உண்டு. 1860-களில் அங்கே சின்கோனா பயிரிட்டார்கள், நடுவட்டத்தில் குயினைன் ஆலை நடந்தது. அந்த மரப்பட்டையில் குயினைனும் இருக்கிறது, குயினிடினும் இருக்கிறது. வாய்பாடு ஒன்று, இணைப்புகளும் ஒன்று. எட்டாம், ஒன்பதாம் கார்பன்களில் மட்டும் அமைப்பு மாறியிருக்கிறது, மற்ற மையங்கள் மாறவில்லை. அதனால் இவை கண்ணாடி பிம்பங்கள் ஆகா, டயாஸ்டீரியோமர்கள். குயினைன் மலேரியா மருந்து. குயினிடின் இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சீராக்கப் பயன்பட்ட மருந்து. இரண்டு கார்பன்களின் பக்கம் மாறியதில் மருந்தின் வேலையே மாறிவிட்டது.

நித்தியகல்யாணியிலும் இதே பாடம்தான். அதன் வின்பிளாஸ்டின் இரண்டு ஆல்கலாய்டுகள் இணைந்து உண்டான பெரிய மூலக்கூறு. இணையும் இடத்தில் உள்ள ஒரு கார்பனின் அமைப்பு மாறினால் புற்றுநோய் மருந்தாக அதன் பலன் போய்விடும். பிரான்சின் பியர் பொட்டியே குழு 1970-களில் அந்தக் கார்பன் சரியான பக்கம் அமையும்படி இணைக்கும் வழியைக் கண்டபிறகுதான் ஆய்வகத்தில் இந்த வகை மருந்தைச் செய்வது சாத்தியமானது.

தனி அமைப்பு: உலகமே ஒரு யூகத்தில் நின்ற காலம்

இனி மூன்றாவது கேள்வி. 1951 வரை எந்த மூலக்கூறின் தனி அமைப்பும் நேரடியாகத் தெரியாது. எமில் ஃபிஷர் சர்க்கரைகளின் சார்பு அமைப்பை அபாரமாக நிறுவினார். ஆனால் எல்லாவற்றையும் காகிதத்தில் வரைய, இரண்டு சாத்தியங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது, தேர்ந்தார். அரைக்கு அரை வாய்ப்பு. அதன்பின் அறுபது ஆண்டுகள் சர்க்கரை, அமினோ அமிலம், ஆல்கலாய்டு என்று ஒவ்வொன்றையும் வேதிவினைகள் மூலம் முன்பு தெரிந்த ஒன்றோடு கட்டிக்கொண்டே வந்தார்கள். சங்கிலி உறுதியாக இருந்தது, அதன் முதல் கண்ணி மட்டும் யூகம்.

1951-இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட்டில் பைவூட், பீர்டெமன், வான் பொம்மெல் மூவரும் சோடியம் ருபிடியம் டார்ட்ரேட் படிகத்தில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். சாதாரணமாக எக்ஸ் கதிர்ச் சிதறல் ஒரு படிகத்தையும் அதன் கண்ணாடி பிம்பத்தையும் வேறுபடுத்தாது. ஆனால் கதிரின் ஆற்றல் ஒரு கனமான அணுவின் உட்கிரகிப்பு எல்லைக்கு அருகில் இருந்தால், அந்த அணு சிதறடிக்கும் அலை சற்றே தடம் மாறும். அப்போது சமமாக இருக்க வேண்டிய இணைப் புள்ளிகளின் ஒளிர்வு சிறிது வேறுபடும். அந்த வேறுபாடுதான் இடம் வலத்தைச் சொல்கிறது. ருபிடியத்துக்கு ஏற்ற கதிராக அவர்கள் சிர்கோனியத்தின் கதிரைத் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு: ஃபிஷர் தேர்ந்த பக்கம் சரி. அவரோடு கட்டப்பட்டிருந்த அத்தனை மூலக்கூறுகளும் ஒரே நாளில் யூகத்திலிருந்து உண்மைக்கு வந்தன.

ஆல்கலாய்டுகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அவை காரங்கள். ஹைட்ரஜன் புரோமைடோடு சேர்த்தால் உப்பாகும், மெத்தில் அயோடைடோடு சேர்த்தால் மெத்தயோடைடு ஆகும். கனமான புரோமினும் அயோடினும் தாமாகவே படிகத்துக்குள் வந்துவிடும். 1956-இல் பீர்டெமன் எட்டியின் ஸ்ட்ரிக்னினுக்குத் தனி அமைப்பை எக்ஸ் கதிரால் நிறுவினார். 1965-இல் மான்கிரீஃபும் லிப்ஸ்கோமும் நித்தியகல்யாணியின் வின்கிரிஸ்டினை மெத்தயோடைடாக்கி அதன் முழு அமைப்பையும் வெளியிட்டார்கள். பீர்டெமனின் ஆய்வு வந்த அதே 1956-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும், இந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டே படிகத்தின் முழு அமைப்பையும் தீர்க்கும் முறையை வகுத்தார்கள். எக்ஸ் கதிர் ஆய்வின் மிகக் கடினமான முடிச்சான கட்டச் சிக்கலை அவிழ்ப்பதில் அது சென்னையிலிருந்து போன பங்களிப்பு.

நம்மவர்கள் செய்தது

கருவிகள் இல்லாத காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். டி.ஆர். கோவிந்தாச்சாரியின் பெயரை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் பி.பி. டேயிடம் பயின்று, அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸிடம் ஆய்வு செய்து, திரும்பி வந்து அதே கல்லூரியில் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்தவர். 1960-இல் வேதியியலுக்கான பட்நாகர் விருது பெற்றார். ஒரு கல்லூரி ஆய்வகத்தில், பி.ஆர். பாய், கே. நாகராஜன் முதலியவர்களோடு சேர்ந்து, 1950-களில் ஆஸ்துமாவுக்கு வழங்கும் நஞ்சறுப்பான் கொடியின் டைலோஃபோரினை ஆராய்ந்து அதன் இணைப்பு அமைப்பை வெளிக்கொணர்ந்தார்.

டைலோஃபோரினில் சீர்மையற்ற கார்பன் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றின் கையை நிறுவுவதே தனி வேலை. 1983-இல் பக்லியும் ராப்போபோர்ட்டும் குளூட்டாமிக் அமிலத்திலிருந்து தொடங்கி, அந்த மையம் எங்கும் புரளாமல் காத்து, ஒரே கைத்தன்மை உள்ள டைலோஃபோரினைத் தொகுத்தார்கள். தொடக்கப் பொருளின் கை தெரியும், ஒவ்வொரு படியிலும் அது மாறவில்லை என்றும் காட்டினால், முடிவில் கிடைத்த பொருளின் கையும் தெரியும். அதன் சுழற்சியை இயற்கைப் பொருளின் சுழற்சியோடு ஒப்பிட்டால் போதும். தொகுப்பையே சான்றாக்கும் வழி இது.

1963-இல் கோவிந்தாச்சாரி பம்பாய் கோரேகாவ் சீபா ஆய்வு மையத்துக்குத் தலைமை ஏற்றார். அங்கே பி.சி. பார்த்தசாரதியோடு சேர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் ஹைனியானஸ் என்ற கொடியிலிருந்து ஆன்சிஸ்ட்ரோகிளாடின் என்ற ஆல்கலாய்டை 1970-களின் தொடக்கத்தில் அறிவித்தார். நாஃப்தலீனும் ஐசோகுயினோலினும் ஒற்றைப் பிணைப்பால் சேர்ந்த புதிய குடும்பத்தின் முதல் உறுப்பினர் அது.

அதன் புறவெளி அமைப்பில் ஒரு புதுமை இருக்கிறது. இரண்டு சீர்மையற்ற கார்பன்கள் போக, இரண்டு வளையத் தொகுதிகளைச் சேர்க்கும் பிணைப்பே இடமும் வலமும் உடையது. அந்தப் பிணைப்பைச் சுற்றியுள்ள தொகுதிகள் ஒன்றையொன்று தடுப்பதால் வளையங்கள் சுழல முடியாமல் குறுக்காக முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. முறுக்கு ஒரு பக்கமானால் ஒரு பொருள், மறுபக்கமானால் வேறு பொருள். கார்பன் மையங்கள் இல்லாத இடத்திலும் கைத்தன்மை இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான தாவர உதாரணம் கிடைப்பது கடினம். அந்த வேறு பொருளும் இயற்கையில் கிடைத்தது. இலங்கையில் மட்டும் வளரும் ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் ஹமாட்டஸ் கொடியில் கண்ட ஹமாட்டின், கார்பன் மையங்களில் ஆன்சிஸ்ட்ரோகிளாடினைப் போன்றதே, அச்சின் முறுக்கில் மட்டும் எதிரானது.

இத்தகைய மூலக்கூறை எப்படித் தீர்ப்பது? முதலில் கார்பன் மையங்கள். ருத்தேனியம் ஆக்சிஜனேற்றத்தால் வளையங்களை உடைத்தால், ஒன்றாம் கார்பன் அலனினாகவும் மூன்றாம் கார்பன் 3-அமினோபியூட்டிரிக் அமிலமாகவும் வெளியே வரும். இரண்டும் நெடுங்காலமாகக் கை தெரிந்த அமினோ அமிலங்கள். அவை இடமா வலமா என்று வாயு நிறப்பகுப்பில் பார்த்துவிடலாம். அந்த மையங்கள் உறுதியான பிறகு, அவற்றின் ஹைட்ரஜன்கள் நாஃப்தலீனின் எந்த ஹைட்ரஜனுக்கு அருகில் நிற்கின்றன என்று என்.ஓ.இ. மூலம் பார்த்து அச்சின் முறுக்கைச் சொல்லலாம். ஜெர்மனியின் கெர்ஹார்ட் பிரிங்மன் இந்தச் சிதைப்பு முறையைப் பயன்படுத்தி இந்தக் குடும்பத்தின் பல ஆல்கலாய்டுகளைத் தீர்த்தார். 1986-இல் ஆன்சிஸ்ட்ரோகிளாடினை முதன்முதலாக முழுதும் தொகுத்துக் காட்டினார். பின்னர் 1990-களில் கேமரூன் நாட்டின் இன்னொரு ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் கொடியிலிருந்து எச்.ஐ.வி.க்கு எதிராகச் செயல்படும் மிக்கெல்லமின்கள் கிடைத்தபோது, கோரேகாவில் தொடங்கிய வழி உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

இன்று உங்கள் கையில் இருப்பவை

எக்ஸ் கதிர் இன்றும் முதன்மைச் சான்று. முடிவோடு ஃபிளாக் அளவுரு என்று ஓர் எண் வரும். 1983-இல் எச்.டி. ஃபிளாக் முன்வைத்தது. அது பூஜ்யத்துக்கு மிக அருகில், பிழை வரம்பும் சிறிதாக இருந்தால் வரைந்த கை சரி. ஒன்றுக்கு அருகில் இருந்தால் பிம்பத்தை வரைந்திருக்கிறீர்கள். 0.4, பிழை 0.3 என்று வந்தால் விடை வரவில்லை என்று பொருள். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும் உள்ள படிகமானால் மாலிப்டினக் கதிரைவிடத் தாமிரக் கதிரைக் கேளுங்கள், வேறுபாடு தெளிவாகத் தெரியும். எடுத்த ஒரு படிகம் மொத்தப் பொருளையும் குறிக்கிறதா என்பதையும் கைரல் தூணில் சரிபாருங்கள்.

படிகம் வராவிட்டால் வட்ட இருநிற நிறமாலை, அதாவது சி.டி. இடமும் வலமுமாகச் சுழலும் ஒளியை மூலக்கூறு எவ்வளவு வேறுபாட்டோடு உட்கவர்கிறது என்று அது காட்டும். இரண்டு வடிவங்களுக்கும் எதிர்பார்க்கும் வளைவுகளைக் கணினியில் கணக்கிட்டு ஒப்பிடுவார்கள். மூலக்கூறு பல நிலைகளில் வளையக்கூடியதானால் எல்லா நிலைகளையும் கணக்கில் சேர்த்தால்தான் ஒப்பீடு செல்லும். இரண்டாம் நிலை ஆல்கஹால் தொகுதி இருந்தால் மோஷர் எஸ்டர் முறை உண்டு: கை தெரிந்த அமிலத்தின் இரண்டு வடிவங்களோடும் தனித்தனியே எஸ்டராக்கி என்.எம்.ஆர். வேறுபாட்டைப் பார்ப்பது.

உங்கள் வேலை வரிசை

நீங்கள் எடுத்திருப்பது ஏற்கெனவே அறிந்த பொருள். அதனால் தனி அமைப்பைப் புதிதாக நிறுவ வேண்டாம், அறிந்ததோடு ஒன்று என்று காட்டினால் போதும். முதலில், மென்மையான முறையில் பிரித்தெடுங்கள். ஊமத்தையில் ஹையோசின் என்கிற ஸ்கோபோலமினும் இருக்கும், அதைத் தனியே பிரியுங்கள். பிறகு நிறை நிறமாலையும் என்.எம்.ஆரும் கொண்டு இணைப்பை உறுதி செய்யுங்கள். அடுத்து, தரச் சான்று பெற்ற ஹையோசயமினையும் அட்ரோபினையும் வாங்கி, உங்கள் மாதிரியோடு ஒரே நாளில் ஒரே கைரல் தூணில் ஓட்டுங்கள். அட்ரோபினில் இரண்டு சிகரங்கள் பிரிந்து தெரிய வேண்டும், உங்கள் மாதிரியில் அவற்றில் எது எவ்வளவு என்று குறியுங்கள். கடைசியாகச் சுழற்சியை முழு விவரத்தோடு அளந்து, தூண் சொன்ன விழுக்காட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பெங்களூரில் இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. இந்திய அறிவியல் கழகத்தின் என்.எம்.ஆர். ஆய்வு மையம் போன்ற இடங்களை உங்கள் துறை வழியாக அணுகலாம்.

வாய்ப்பிருந்தால் ஒரு சிறு சோதனையும் செய்யுங்கள். உங்கள் தூய ஹையோசயமினில் கொஞ்சத்தை நீர்த்த காரத்தில் வைத்து, நேரத்துக்கு நேரம் எடுத்து அதே தூணில் ஓட்டுங்கள். ஒரு சிகரம் குறைந்து மற்றது வளர்வது தெரியும். பிரித்தெடுக்கும்போது எவ்வளவு இழந்திருப்பீர்கள் என்று மதிப்பிட அது உதவும், ஆய்வேட்டுக்கும் அது பலம்.

எழுதும்போது ஒரு பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீர்மையற்ற கார்பனுக்கும் எதிரே, அதன் அமைப்பை எந்தச் சான்றால் எழுதினேன் என்று ஒரு வரி: எக்ஸ் கதிர், சிதைப்பு, ஒப்பீடு, எதுவானாலும். ‘இந்தச் செடியின் மற்ற ஆல்கலாய்டுகள் இப்படித்தான் இருக்கின்றன’ என்பது நல்ல எதிர்பார்ப்பு, அதைச் சான்று என்ற தலைப்பின் கீழ் எழுதாதீர்கள். சான்று கிடைக்காத மையத்துக்கு ஆப்பும் வேண்டாம், புள்ளிக்கோடும் வேண்டாம், அலைக்கோடு போடுங்கள். அந்தக் கார்பனின் பக்கம் இன்னும் காட்டப்படவில்லை என்று அது வெளிப்படையாகச் சொல்லும். உங்களுக்குப் பின்னால் அந்த மையத்தைத் தீர்க்க வருபவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் அந்தக் கோடே காட்டிவிடும்.